ஆடைக் கடையும் வெற்றுடலும்

ஆள் பாதி, ஆடை பாதி என்பது தமிழர் வழக்கிலுள்ள பழமொழி. ஆடை விற்பதற்கென்றே கடை திறந்து, ஆடையற்ற உடலை வாயிலில் நிறுத்திக் கூட்டஞ் சேர்த்த வணிகத்தை என்னென்பது? அமெரிக்க நாட்டில் ஏறத்தாழ இருபதாண்டுகள் கொழித்த அவ்வணிகத்தின் ஏற்றமும் இறக்கமும் எந்நாட்டார்க்கும் பாடமாகத் தக்கவை.

அபர்குரோம்பி-பிட்சு என்னும் கடை 1892இல் நியூயார்க்கு நகரில் தோன்றியது. வேட்டைக்கும் மீன்பிடிப்பிற்கும் வேண்டிய உறுதியான பொருள்களை விற்றுப் பெயர் பெற்ற கடை அது. நூறாண்டு கழித்து, 1992இல், மைக்கு செப்ரீசு என்பார் அதன் தலைமையேற்றார். அதன்பின் துணியின் உறுதி பின்னுக்குப் போயிற்று. தோலின் கவர்ச்சி முன்னுக்கு வந்தது. பலகணிகள் அடைக்கப்பட்டன, விளக்கொளி மங்கிற்று, இசை செவியைத் துளைத்தது, நறுமணம் தெருவரை வீசிற்று. மேற்சட்டையில்லா இளைஞர் வாயிலில் நின்றனர். வாங்கிய துணியை இட்டுத் தரும் பையிலும் வெற்றுடற் படமே. 1997 முதல் அக்கடை வெளியிட்ட விலைப்பட்டியல் இதழில் ஆடையைத் தேடித்தான் காணவேண்டும்.

இதற்குச் சொல்லப்பட்ட ஒரே விடை, 'விற்பனையாகிறதே!' என்பது. உண்மைதான்; விற்றது. நியூயார்க்கிலும் இலண்டனிலும் இளையோர் வரிசையில் காத்து நின்றனர். கள்ளுந்தான் விற்கிறது. விற்பதனாலேயே ஒன்று நல்லதாகிவிடுமா? மேலும், அங்கு விலைபோனது சட்டை மட்டுமன்று. 'இதை அணிந்தால் நீ அழகர் கூட்டத்தில் ஒருவன். அணியாவிடின் வெளியில் நிற்பவன்' என்னும் ஏக்கமே விலைபோயிற்று. அழகுடையோரே தம் கடைக்கு வேண்டும், பிறர்க்கு அங்கு இடமில்லை என்னும் கருத்தைச் செப்ரீசே 2006இல் ஒரு நேர்காணலில் ஒளிவின்றிக் கூறினார். உடலுக்கு விலை வைப்பவன் மாந்தரைத் தரம் பிரிக்கவும் தயங்கான். கறுப்பரையும் ஆசியரையும் பணியில் ஒதுக்கியதாகத் தொடுக்கப்பட்ட வழக்கை முடித்துக்கொள்ள, 2004இல் அந்நிறுவனம் ஏறத்தாழ 4 கோடித் தாலர் தர ஒப்பியது.

எதிர்ப்பு எழாமலில்லை. 2003இல் பெற்றோரும் சமயத்தாரும் கடிந்ததும் கடை தன் விலைப்பட்டியல் இதழை எடுத்துக்கொண்டது. அப்போதும், எதிர்ப்பிற்கு அஞ்சி எடுக்கவில்லை, நறுமணப் பொருளை வைக்க இடம் வேண்டியே எடுத்தோம் என்று சாற்றிக்கொண்டது!

அக்கடையை மெய்யாகப் பணியவைத்தவர் பள்ளிச் சிறுமியரே. 2005இல் பெண்களுக்கான பின்னற்சட்டையொன்றின் மார்பில், 'இவை இருக்க அறிவு எதற்கு?' என்னும் பொருள்பட ஆங்கிலத் தொடரொன்றை அச்சிட்டு விற்றனர். பென்சில்வேனியாவில், பிட்சுபர்க்கு நகரைச் சூழ்ந்த பகுதியைச் சேர்ந்த சிறுமியர் சிலர் ஒன்றுகூடி, 'எங்களை இழிவுசெய்யும் கடையில் வாங்கோம்' என அறிவித்தனர். புறக்கணிப்பைக் குறிக்கும் 'பாய்காட்டு' என்னும் ஆங்கிலச் சொல், 1880இல் அயர்லாந்து உழவர்களால் ஒதுக்கப்பட்ட ஒருவரின் பெயரினின்று பிறந்தது. அதிலுள்ள 'பாய்' சிறுவனைக் குறிப்பதன்று. எனினும் அச்சிறுமியர் அதனைக் 'கேர்ல்காட்டு' எனத் திருத்தித் தம் போராட்டத்திற்குப் பெயரிட்டனர். சில நாள்களிலேயே அச்சட்டை விற்பனையினின்று நீக்கப்பட்டது. சட்டமோ காவலரோ வரவில்லை. இழிவுபடுத்தப்பட்டவர் தம் பணப்பையை மூடினர், அவ்வளவே.

பின்னாளில் விற்பனை தொடர்ந்து சரிந்தது. மலிவுக் கடைகளின் போட்டியும் அதற்கொரு கரணியமே. எனினும் வளர்ந்து வந்த இளையோர்க்கு அக்கடையின் செருக்கும் சலித்துவிட்டது. 2014 திசம்பரில் செப்ரீசு விலகினார். 2015இல், பாலுணர்வைத் தூண்டும் விளம்பரத்தைக் கைவிடுவதாக நிறுவனமே அறிவித்தது. வாயிலில் நின்ற வெற்றுடலும் பையிலிருந்த வெற்றுடலும் மறைந்தன. மறைந்ததனால் கடை அழிந்ததா? 2014ஆம் கணக்காண்டில் ஏறத்தாழ 374 கோடித் தாலராக இருந்த நிறுவனத்தின் மொத்த விற்பனை, 2024ஆம் கணக்காண்டில் ஏறத்தாழ 495 கோடித் தாலராக உயர்ந்தது. உடலைக் காட்டாவிடின் துணி விற்காது என்பது வணிகர் கட்டிய கதை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

திருப்பூரில் பின்னப்படும் சட்டைகள் கப்பலேறி அமெரிக்கக் கடைகளுக்குச் செல்கின்றன. அந்நாட்டு வணிக வழக்கங்களோ இங்கு வந்திறங்குகின்றன. நெஞ்சில் ஆங்கிலத் தொடர் பொறித்த சட்டையணிந்து தமிழகத் தெருக்களில் செல்லும் பிள்ளைகளுள் எத்தனை பேர் அதன் பொருளறிவர்? வாங்கித் தந்த தாய்தந்தையர் அதனைப் படித்துப் பார்த்தனரா? பிட்சுபர்க்குச் சிறுமியர் கண்ட தொடர் அவர்தம் மொழியில் இருந்தது. ஆதலின் படித்த அளவிலே சுட்டது. அறியா மொழியில் எழுதிய இழிவோ சுடுவதில்லை. சிரித்த முகத்தோடு சுமக்கப்படுகிறது.

துணி வாங்குவோர் தையலை இழுத்துப் பார்ப்பர். சாயம் போகுமா என்று கேட்பர். அதன்மேல் எழுதியிருப்பது என்னவென்றும் கேட்கட்டும். பொருள் புரியாததையும், புரிந்து நாணத்தக்கதையும் வேண்டாவென மறுத்துக் கடையைவிட்டு இறங்குவோர் பெருகினால், வணிகன் தானே திருந்துவான்.