கோர்டோபாவின் தூண்கள் கூறும் பாடம்

ஊர் சுற்றிப் பார்ப்பதில் இன்பம் உண்டு, அறிவும் உண்டு. ஆனால் எத்தனை ஊர்களைப் பார்த்தோம் என்பதைவிட, எத்தகைய மனத்தோடு பார்த்தோம் என்பதே முக்கியம் என்பது நமது கருத்து. இதற்குத் தென் ஸ்பெயினிலுள்ள கோர்டோபா நகரம் நல்ல சான்று. வாருங்கள், ஏட்டின் வழியே அந்நகருக்கு ஒருமுறை சென்று வருவோம்.

குவாதல்கிவிர் ஆற்றின் குறுக்கே, ரோமானியர் அமைத்துப் பின்வந்தோர் பலமுறை புதுப்பித்த பாலம் ஒன்று இருக்கிறது. அதைக் கடந்தால் எதிரே கோட்டை போன்ற நெடுஞ்சுவர். உள்ளே ஆரஞ்சு மரங்கள் வரிசையாக நிற்கும் முற்றம். அதற்கப்பால் மண்டபம். எப்பக்கம் திரும்பினாலும் தூண்கள்! இன்று எஞ்சியிருப்பவை மட்டும் 850-க்கு மேல். அவற்றின் மீது சிவப்புச் செங்கல்லும் வெளிர்நிறக் கல்லும் மாறி மாறி அமைந்த இரட்டை அடுக்கு வளைவுகள்.

இது 785-ஆம் ஆண்டளவில் முதலாம் அப்துர் ரகுமான் கட்டத் தொடங்கிய பள்ளிவாசல். பழைய ரோமானிய, விசிகோத்தியக் கட்டடங்களின் தூண்களையே எடுத்துப் பயன்படுத்தினர். அவற்றின் உயரம் போதவில்லை. ஆகவே ஒரு வளைவின்மேல் மற்றொரு வளைவை எழுப்பிக் கூரையை உயர்த்தினர். குறையே அழகாயிற்று! பத்தாம் நூற்றாண்டில் இரண்டாம் அல் ஹகம், தொழுகைத் திசையைக் காட்டும் மாடத்தைப் பொன்னொளி வீசும் மொசைக் வேலையால் அலங்கரித்தார். அதற்குக் கைவினைஞரை அனுப்பி உதவியவர் கிறிஸ்தவரான பைசாந்தியப் பேரரசர் என்று வரலாறு கூறுகிறது.

1236-இல் மூன்றாம் பெர்டினாண்டு மன்னர் நகரைக் கைப்பற்றினார். பள்ளிவாசல், தேவமாதாவின் விண்ணேற்புக்கு அர்ப்பணிக்கப்பட்ட பேராலயமாயிற்று. ஏறக்குறைய 300 ஆண்டுகள் கிறிஸ்தவர்கள் பெரிய மாற்றம் ஏதும் செய்யாமல் அங்கேயே வழிபட்டனர். 1523-இல் ஆயரும் ஆலயக் குருக்களும் மண்டபத்தின் நடுவே புதிய பேராலயம் எழுப்ப முனைந்தனர். அப்பொழுது எதிர்த்தது யார் தெரியுமா? நகர மன்றத்தாரே! அவர்களும் கிறிஸ்தவர்களே. இடிக்கும் வேலையில் ஈடுபடுவோருக்கு மரண தண்டனை என்றுகூட அறிவித்தனர். வழக்கு பேரரசர் ஐந்தாம் சார்லஸிடம் சென்றது. இடத்தைப் பார்த்திராத அவர் கட்ட அனுமதித்தார். பின்னர் நேரில் கண்டபோது, எங்கும் கட்டக்கூடிய ஒன்றுக்காக உலகில் எங்குமே இல்லாத ஒன்றைச் சிதைத்துவிட்டார்களே என்று அவர் வருந்தியதாகச் சொல்லப்படுகிறது.

இங்கே இருவகைத் தவறான பார்வைக்கு நாம் இடம் கொடுக்கக் கூடாது. முதலாவது, மூர்கள் ஆண்ட காலம் மும்மதத்தினரும் மகிழ்ந்து வாழ்ந்த பொற்காலம் என்ற கற்பனை. ஒன்பதாம் நூற்றாண்டில் இந்நகரில் கிறிஸ்தவர் பலர் மறைசாட்சிகளாய் உயிர் துறந்தனர். இங்கே பிறந்த யூத மேதை மைமோனிடெஸின் குடும்பம் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. இங்கேயே பிறந்த இஸ்லாமிய அறிஞர் இப்னு ருஷ்துவின் நூல்களை அவர் மதத்து ஆட்சியாளரே எரித்தனர்.

இரண்டாவது, "வென்றது நாம்தானே" என்ற செருக்கு. 1492-இல் யூதரையும், 1609 முதல் மூர்களின் வழிவந்தோரையும் நாட்டைவிட்டுத் துரத்தியவர்கள் கிறிஸ்தவ அரசர்கள். அதைப் படித்துத் தலைகுனியாமல், வளைவுகளின் அழகை மட்டும் புகழ்வது நேர்மையாகுமா?

பேராலயமாக மாற்றியதால்தான் இக்கட்டடம் பிழைத்தது என்று சிலர் கூறுவர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. செவில் நகரின் பெரிய பள்ளிவாசலை இடித்துத்தான் அங்கே பேராலயம் கட்டினார்கள். பழைய கோபுரமும் முற்றமுமே தப்பின. கோர்டோபாவில் அந்நிலை வரவில்லை. அங்கு எழுப்பிய புதிய பேராலயமும் அழகில் குறைந்ததன்று. இன்றும் அங்கே திருப்பலி நடைபெறுகிறது. ஆயினும், காப்பாற்றினோம் என்பதால் சிதைத்ததை மறந்துவிடலாகாது.

இதைப் பள்ளிவாசல் என்பதா, பேராலயம் என்பதா என்ற வாதம் அந்நகரில் இன்னும் ஓயவில்லை. இரு பெயர்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பதே நமது கருத்து. ஒரு பெயரை மறைப்பதால் நம் விசுவாசம் வளராது. உண்மையைச் சொல்வதால் அது குறைவதும் இல்லை. இப்னு ருஷ்துவின் விளக்கவுரைகளைப் படித்து, ஏற்க வேண்டியதை ஏற்று, மறுக்க வேண்டியதை மறுத்தவர் புனித தாமஸ் அக்குவினாஸ். பிற மதத்தவரின் அறிவை மதிக்க அவர் அஞ்சவில்லையே!

2025 ஆகஸ்டு மாதம் ஓர் இரவில் இக்கட்டடத்தின் ஒரு பகுதியில் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் விரைந்து அடக்கியதால் பேரிழப்பு நேரவில்லை. தீக்கு இது யாருடைய ஆலயம் என்ற கேள்வி இல்லை. அணைக்கச் சென்றோருக்கும் அக்கேள்வி எழுந்திராது.

அன்புத் தோழியரே, நாளை நம்மில் சிலர் அந்தத் தூண்களின் நடுவே நிற்கக்கூடும். அப்போது புகைப்படம் எடுப்பதோடு திரும்பிவிட வேண்டாம். 1523-இல் தம் மதத்தாரையே எதிர்த்து நின்று, பிறர் படைத்த அழகைக் காக்கத் துணிந்த அந்த நகர மன்றத்தாரை ஒரு கணம் நினைப்போம். அவர்கள் தோற்றனர், ஆனால் சரியானதைச் சொன்னார்கள். அந்தத் துணிவை நாமும் இறைவனிடம் கேட்டுப் பெறுவோமாக!