வேகமும் வீதியும்

மஹகஸ்தோட்டையில் 1934இல் தொடங்கிய மலையேற்றக் கார்ப் பந்தயத்தை நாம் வெறுப்பவரல்லர். வீதியை மூடி, காவல் வைத்து நடத்தும் விளையாட்டு அது. ஆயின், பந்தயக் காரையே அன்றாட ஊர்தியாக்கி, நுவரெலியா நகரிலும் தேயிலைமலை வளைவுகளிலும் அதே வேகத்தில் செலுத்துவோரை எங்ஙனம் பொறுப்பது? அவ்வீதியன்றோ கொழுந்தெடுக்கும் தாய்மாரும் பள்ளிச் சிறாரும் நடந்து செல்லும் வழி! நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில், 2023 ஜனவரி 20ஆம் நாள் பஸ்ஸும் வானும் முச்சக்கர வண்டியும் மோதி எழுவர் மாண்டனர். பந்தயக் கார் எதுவுமின்றியே இத்துணை அழிவு! கார் வாங்குதல் அவரவர் உரிமை. வீதியோ பொதுச் சொத்து. தோட்டப் பகுதி வீதிகளில் நடைபாதையும் வேகத்தடையும் அமைக்குமாறு அரசினரை வற்புறுத்துகின்றோம். வேகத்திற்குப் பந்தய நாள் உண்டு; எம் மக்களுக்கு நடக்க வேறு வீதி இல்லை.