ஓசையின்றி நடப்பவர்க்கு



குருப்பட்டம் பெற்ற புதிதில் நீலகிரியிலுள்ள ஒரு மலைப்பங்கில் நான் உதவிக் குருவாக இருந்தேன். ஒரு நாள் கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நோயாளி ஒருவரைச் சந்தித்துவிட்டு, அந்தி மயங்கும் வேளையில் ஒற்றையடிப் பாதையில் திரும்பிக்கொண்டிருந்தேன். உடன் வந்த தோட்டத் தொழிலாளி என் தந்தையின் வயதினர். அவர் வளைவுதோறும் கையைத் தட்டினார். உரத்த குரலில் ஏதேதோ பேசியவாறு வந்தார். நானோ செபமாலையை மனத்துக்குள் சொல்லிக்கொண்டு அமைதியாக நடந்தேன். சற்று நேரம் பொறுத்துப் பார்த்த அவர், "சாமி, செபத்தை வாய்விட்டே சொல்லுங்கள். கடவுளுக்குக் கேட்டால் மட்டும் போதாது, கரடிக்கும் கேட்கவேண்டும்" என்றார்.

அன்று நான் சிரித்துவிட்டேன். அந்த எளிய மனிதரின் சொல்லில் இருந்த அறிவு இப்போதுதான் முழுமையாக விளங்குகிறது.

என்னோடு குருமடத்தில் பயின்ற நண்பர் ஒருவர் இன்று அமெரிக்க ஐக்கிய நாட்டின் மாண்டானா மாநிலத்தில், மேய்ச்சல் நிலங்கள் சூழ்ந்த நாட்டுப்புறப் பங்கு ஒன்றில் பணியாற்றுகிறார். அண்மையில் தொலைபேசியில் பேசியபோது, "இலையுதிர்காலம் வந்துவிட்டால் என் பங்கு மக்களில் பலர் துப்பாக்கியோடு மான்வேட்டைக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். குளிர்காலத்துக்கு வேண்டிய இறைச்சியை அப்படித்தான் சேர்க்கிறார்கள். என்னையும் அழைக்கிறார்கள். கரடியை எண்ணித்தான் தயங்குகிறேன்" என்றார். அவருக்காகத் தேடிப் படித்தவற்றையே இத்திங்கள் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அந்நாட்டின் மேற்குப் பகுதியில் ராக்கி மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. அங்கே இருவகைக் கரடிகள் வாழ்கின்றன. ஒன்று கருங்கரடி, மற்றொன்று கிரிஸ்லி எனப்படும் பெருங்கரடி. நிறத்தைக் கொண்டு இவற்றைப் பிரித்தறிய முயல்வது பிழையாகும். கருங்கரடிகளிலும் பழுப்பு நிறத்தவை உண்டு. தோளின்மேல் திமில்போன்ற மேடும், சற்றுக் குழிந்த முகமும், நீண்ட முன்னங்கால் நகங்களும் இருப்பின் அது கிரிஸ்லி என்று கொள்ளலாம்.

இக்கிரிஸ்லி ஒரு காலத்தில் அழியும் நிலைக்கு வந்தது. 1975-ஆம் ஆண்டில் அதனைச் சட்டப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தபோது, புகழ்பெற்ற எல்லோஸ்டோன் பூங்காவையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்த்து ஏறத்தாழ 136 கரடிகளே எஞ்சியிருந்தன எனக் கணக்கிட்டனர். இன்று அதே பரப்பில் அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 1000. மகிழத்தக்க செய்தியே. ஆனால் எண்ணிக்கை பெருகவே அவை மலையை விட்டு இறங்கி, ஓடைக்கரைப் புதர்களின் வழியே உழவர்களின் வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் எட்டிவிட்டன. 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் மாண்டானாவின் ஷோட்டோ என்னும் சிற்றூருக்கு அருகில் பறவை வேட்டைக்குச் சென்ற ஒருவரைக் கிரிஸ்லி தாக்கிக் காயப்படுத்தியது. அது நடுக்காடு அன்று, ஓடைக்கரைப் புதர். ஆகவே, 'காட்டுக்குள் போனால்தானே கரடி' என்று இனி அங்கு எவரும் சொல்வதற்கில்லை.

கரடி மனிதனை ஏன் தாக்குகிறது? பெரும்பாலும் பசியால் அன்று, அச்சத்தால். எதிர்பாராத வேளையில் மிக அருகில் மனிதனைக் கண்டு திடுக்கிடும்போதும், குட்டிக்குத் தீங்கு வருமென எண்ணும்போதும், தான் காத்துவைத்த இரையைப் பறிக்க வருகிறான் என ஐயுறும்போதும் அது பாய்கிறது. நீதிமொழிகளின் ஆசிரியர் அபாயத்துக்கு ஓர் அளவுகோல் தேடியபோது குட்டியைப் பறிகொடுத்த பெண்கரடியையே நினைத்தார் என்பதை நாம் அறிவோம். கானடா நாட்டு அறிஞர் ஸ்டீபன் ஹெரேரோ, கரடித் தாக்குதல்களின் காரணங்களை ஆராய்ந்து 1985-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இத்துறையில் இன்றும் மதிக்கப்படுகிறது. அவரும் அவருக்குப் பின் வந்தோரும் வழிநடப்போர்க்குக் கூறும் முதல் அறிவுரை எங்கள் தோட்டத் தொழிலாளி கூறியதேயாகும்: ஓசையிட்டு நட, உன் வரவை அறிவி, கரடி தானே விலகிப்போகும்.

இங்கேதான் வேட்டைக்காரரின் சிக்கல் தொடங்குகிறது. இவ்வறிவுரை ஒவ்வொன்றுக்கும் நேர்மாறாக நடப்பதே அவருடைய தொழில்திறம். ஓசையிட்டால் மான் ஓடிவிடும். எனவே இலை நொறுங்காமல் அடிவைக்கிறார். தம் வாடை மானை எட்டாதிருக்கக் காற்றுக்கு எதிர்முகமாக நடக்கிறார். முன்னால் இருக்கும் கரடிக்கும் அவ்வாடை எட்டுவதில்லை. விடியலிலும் அந்தியிலும் உலவுகிறார். கரடி உலவுவதும் அவ்வேளைகளிலேதான். எல்க் என்னும் பெரிய மானைப்போல் குரல் எழுப்பி அழைக்கிறார். அக்குரலை இரையின் குரலென எண்ணிக் கரடியும் வரக்கூடும். இறுதியில், வீழ்த்திய மானின் குருதிவாடை நடுவே குனிந்தமர்ந்து, சுற்றுமுற்றும் பாராமல் கத்தியும் கையுமாக இருக்கிறார்.

காலமும் அவருக்குப் பகையாகிறது. அங்கே வில்வேட்டை செப்டம்பரிலும் துப்பாக்கி வேட்டை அக்டோபர் இறுதியிலும் தொடங்குகின்றன. கரடிகள் குளிர்கால உறக்கத்துக்குமுன் கொழுப்பைச் சேர்த்துக்கொள்வதற்காக இரவுபகல் பாராது தின்று திரியும் பருவமும் அதுவே. வேட்டைக்காரர் விட்டுச்செல்லும் குடலும் கழிவும் அவற்றுக்கு விருந்தாகின்றன.

2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் வயோமிங் மாநிலத்து டீட்டன் காட்டுப்பகுதியில் நிகழ்ந்தது நெஞ்சை வருத்துவதாகும். வேட்டைக்கு வழிகாட்டும் தொழிலில் இருந்த ஒருவர், தம்மோடு வந்தவர் முந்திய நாள் அம்பெய்த மானை மறுநாள் தேடிக் கண்டுபிடித்தார். இருவரும் அதனை அறுத்துக்கொண்டிருந்தபோது, ஏறத்தாழ வளர்ந்துவிட்ட குட்டியோடு வந்த பெண் கிரிஸ்லி பாய்ந்தது. கைத்துப்பாக்கி சற்றுத் தள்ளி மூட்டைகளோடு இருந்தது. உடன் வந்தவர் காயங்களோடு தப்பினார், வழிகாட்டியோ உயிரிழந்தார். காட்டை நன்கறிந்தவர்க்கே இது நேர்ந்ததெனில், மற்றவர் எவ்வளவு விழிப்பாக இருக்கவேண்டும்!

'கையில் துப்பாக்கி இருக்கும்போது கரடிக்கு ஏன் அஞ்சவேண்டும்?' என்று நீங்கள் வினவலாம். நண்பரின் பங்கு மக்களும் இவ்வாறே கூறுகின்றனராம். அலாஸ்கா மாநிலத்தில் 1883 முதல் 2009 வரை நடந்த 269 நிகழ்ச்சிகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று உண்டு. துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்க்கும், அது கையில் இருந்தும் பயன்படுத்தாதவர்க்கும் நேர்ந்த தீங்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என்பது அதன் முடிவு. பாய்ந்துவரும் கரடியை அஞ்சி நடுங்கும் கையால் குறிபார்த்து வீழ்த்துவது அத்துணை அரிது. காயம்பட்ட கரடியோ இன்னும் கொடியது.

மற்றொரு கருவியும் உண்டு. மிளகாயின் காரச்சத்தை அழுத்தி அடைத்த தெளிப்பான் அது. கரடி ஸ்பிரே என்பர். 1985 முதல் 2006 வரை அலாஸ்காவில் இது பயன்பட்ட 83 நிகழ்ச்சிகளை அதே ஆய்வாளர்கள் 2008-இல் ஆராய்ந்து வெளியிட்டனர். பழுப்புக் கரடிகளைப் பொறுத்தவரை நூற்றுக்கு 92 முறை அது கரடியின் செயலைத் தடுத்திருந்தது. நிகழ்ச்சிகள் ஒரே தன்மையன அல்ல. ஆதலின் இரண்டு ஆய்வுகளையும் ஒரே தராசில் வைத்து நிறுத்தல் ஆகாது. எனினும் ஓர் உண்மை தெளிவு. தெளிப்பானுக்குக் கூர்ந்து குறிபார்க்க வேண்டுவதில்லை. முன்னே ஒரு காரமேகம் எழுந்தால் போதும். கரடியும் உயிர் பிழைக்கிறது. மனிதனும் உயிர் பிழைக்கிறான். ஆனால் அது இடுப்பிலோ மார்பிலோ கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். மூட்டைக்குள் கிடக்கும் தெளிப்பான் வீட்டில் விட்டுவந்ததற்குச் சமம்.

இனி, நண்பருக்கு நான் எழுதியனுப்பிய குறிப்புகளைச் சுருக்கமாகத் தருகிறேன்.

புறப்படுமுன் நில உரிமையாளரிடம் வேட்டைக்கு இசைவு பெறுவதோடு நின்றுவிடலாகாது. கரடியை எங்கே கண்டார், இறந்த கால்நடைகளை எங்கே போடுகிறார் என்றும் கேட்டறிய வேண்டும். அவ்விடங்களை விட்டு விலகியே வேட்டையாட வேண்டும். தனியே செல்லலாகாது. எந்த இடம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் சொல்லிச் செல்லவேண்டும்.

நடக்கும்போது தரையையும் வானத்தையும் ஒருங்கே கவனிக்க வேண்டும். புதிய கால்தடம், எச்சம், தோண்டிய மண் ஆகியவை கரடியின் அடையாளங்கள். காக்கைக் கூட்டம் ஓரிடத்தில் வட்டமிட்டால் அங்கே செத்த விலங்கு கிடக்கலாம். மண்ணும் குப்பையும் மூடிய பிணமேடு தென்பட்டால் அது கரடி காத்துவைத்த இரை. வந்த வழியே உடனே திரும்பிவிட வேண்டும்.

மான் வீழ்ந்தபின் மௌனத்துக்குத் தேவையில்லை. அப்போதிருந்து உரக்கப் பேசுவதே நலம். ஒருவர் அறுக்க, மற்றவர் தெளிப்பானும் கையுமாகக் காவல் நிற்கட்டும். இயன்றால் மானைத் திறந்த வெளிக்கு இழுத்துச் சென்று அறுக்கவேண்டும். இறைச்சியைக் குடற்கழிவிலிருந்து உடனே அகற்றி, அன்றே வீடு சேர்ப்பது சிறந்தது. இயலாவிடில் கழிவுக்கும் கூடாரத்துக்கும் நூறு கெஜத்துக்கு அப்பால், தரையிலிருந்து பத்தடிக்கு மேல் தொங்கவிட வேண்டும். மறுநாள் வரும்போது தொலைவிலிருந்தே தொலைநோக்கியால் பார்த்து, ஓசையிட்டுக்கொண்டே நெருங்கவேண்டும். கரடி அதனைக் கைக்கொண்டிருந்தால், அந்த மான் இனிக் கரடியுடையது. வழக்காட வேண்டாம்.

நேருக்குநேர் கண்டால் ஓடலாகாது. கரடி மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடவல்லது. தாழ்ந்த குரலில் பேசியவாறு மெல்லப் பின்வாங்க வேண்டும். பாய்ந்துவந்தால், 30 முதல் 60 அடித் தொலைவுக்குள் வரும்போது அதன் முகத்துக்குச் சற்றுக் கீழாகத் தெளிக்கவேண்டும். திடுக்கிட்ட கிரிஸ்லி மேலே விழுந்துவிட்டால், குப்புறப் படுத்து, கைகளைப் பிடரியின்மேல் கோத்து, அது விலகிச்செல்லும்வரை அசையாதிருக்க வேண்டும். கருங்கரடி தாக்கினாலோ செத்தவர்போல் கிடத்தல் தவறு. முழு வலிமையோடு எதிர்த்துப் போராட வேண்டும்.

இவை யாவற்றுள்ளும் கடினமானது எது என்று நண்பரைக் கேட்டேன். "மானை விட்டுவிட்டு வருவதுதான்" என்றார். விடியுமுன் எழுந்து, பனியில் நடந்து, பல நாள் காத்திருந்து பெற்றது. வீட்டில் குளிர்ப்பெட்டி காலியாக இருக்கிறது. 'நான் உழைத்துப் பெற்றதை ஒரு விலங்குக்கு விடுவதா?' என்று உள்ளம் கொதிக்கும். அந்த ஒரு கணத்துக் கொதிப்பே பல உயிர்களுக்கு உலையாகிறது. காட்டில் உயிர்காக்கும் முதல் ஆயுதம் துப்பாக்கியும் அன்று, தெளிப்பானும் அன்று, விட்டுக்கொடுக்கும் மனமே.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டைக்கு இடமில்லை. ஆயினும் விறகு பொறுக்கவும் தேயிலை கிள்ளவும் செல்லும் நம் மலைவாழ் மக்கள் கரடியை எதிர்கொள்கின்றனர். கரையான் புற்றைத் தோண்டுவதில் ஆழ்ந்திருக்கும் நம் கரடி, மனிதர் வருவதை மிகத் தாமதமாகவே உணர்கிறது. உணர்ந்ததும் வெகுண்டு பாய்கிறது. கூட்டமாகச் செல்லுங்கள், பேசிக்கொண்டே செல்லுங்கள், இருள் விலகுமுன் புதரை நெருங்காதீர்கள். ஊருக்குள் வந்த கரடியைக் கைப்பேசியில் படமெடுக்கத் துரத்தும் இளைஞர்களைப் பெற்றோர் தடுத்தல் வேண்டும்.

நண்பர் இறுதியாகக் கூறியது ஒன்று உண்டு. வேட்டைக்காலத்தில் மாலை வேளையில் எந்த வீட்டுக்குச் சென்றாலும், வீட்டுத் தலைவி பேசிக்கொண்டே சன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். தொலைவில் வண்டியின் விளக்கொளி தெரிந்தபின்னரே அடுப்பின் பக்கம் திரும்புவாராம். வண்டியில் மான் இருக்கிறதா என்று அவர் முதலில் கேட்பதில்லை.

அடுத்த திங்கள் சந்திப்போம்.