இணைப்பும் சான்றே

மென்பொருள் ஆவணங்களில் உள்ள இணைப்புகளைப் பேணுதல் சில்லறைப் பணியாகவே கருதப்படுகிறது. ஒவ்வோர் இணைப்பும் ஒரு கூற்றுக்குச் சான்றாக நிற்பதால் இக்கருத்து ஏற்புடையதன்று. வெளியிட்ட முகவரியை மாற்றாது காப்பது வெளியிட்டவரின் கடமை என்பதை, வையவிரிவலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ 1998இலேயே வலியுறுத்தியுள்ளார்.

பைத்தான் நிரல்மொழியின் ஆவணங்களை உருவாக்கப் பயன்படும் ஸ்பிங்க்ஸ் கருவி, வெளி இணைப்புகளைத் தானே சோதிக்கவல்லது. எனினும், பக்கம் திறக்கிறதா, சுட்டிய பகுதி உள்ளதா என்பவற்றையே அச்சோதனை காட்டும். முன்பிருந்த செய்தி மாறியுள்ளதா என்பதைக் காட்டாது. 404 என்னும் பிழை எண் படிப்பவரை எச்சரித்துவிடுகிறது. உள்ளடக்கம் மாறிய பக்கமோ ஐயமின்றி நம்பவைக்கிறது. ஆகவே, அழிந்த இணைப்பினும் பொருள் மாறிய இணைப்பே தீங்கு மிக்கது.

பைத்தான் ஆவணத் தளத்தில் ‘3’ என மட்டும் அமைந்த முகவரி நடப்புப் பதிப்பிற்குச் செல்கிறது, ‘3.8’ என அமைந்தது அப்பதிப்பிலேயே நிற்கிறது. பழைய நிரலை விளக்குவோர் பின்னதையும், புதிதாகக் கற்பிப்போர் முன்னதையும் சுட்டுதல் தகும். இவ்வேறுபாடு நமக்குப் புதிதன்று. எந்தப் பதிப்பு எனக் கேட்டே மேற்கோளை ஏற்கும் தமிழாய்வு, இணையச் சான்றுகளுக்கும் அவ்வினாவை எழுப்புதல் வேண்டும். பார்த்த நாளைக் குறித்தல் மட்டும் போதாது. பார்த்த வடிவின் சேமிப்புப் படியையும் சுட்டுதல் இன்றியமையாதது.