தவக்காலமும் நெஞ்சுப் படபடப்பும்



"டிரஸ்ஸரய்யா, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, ராத்திரி தூக்கமே இல்லே" என்று ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கூடிவிடுகிறார்கள். காரணம் தேட வேண்டியதில்லை. ரப்பர் மரம் இலை உதிர்க்கும் காலம். பால் குறையும், சம்பளமும் குறையும். செம்பனைப் பக்கம் வெயில் கொளுத்தும். கடைப் பாக்கி மட்டும் குறையாது.

கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலம் வருவதும் இந்தச் சமயத்தில்தான். சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரை, ஞாயிறுகளைக் கழித்து நாற்பது நாள். ஜொகூர் தோட்டங்களில் நாம் சில குடும்பங்களே இருக்கிறோம். குளுவாங், சிகாமட், மூவார் கோவில்களுக்கு நினைத்தபோது போக முடியாது. ஆகவே ஜெபம் வீட்டில்தான் நடக்கணும். என் தாயார் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் அடுப்பை மூட்டிக்கொண்டே ஐம்பத்து மூன்று மணி ஜெபத்தைத் தொடங்குவார். சோறு வடிக்கும்போது முடிப்பார். பிறகுதான் பெரட்டுக்கு ஓட்டம். சின்ன வயதில் எனக்கு அது வெறும் முணுமுணுப்பாகப் பட்டது.

சில வருஷங்களுக்கு முன், ராத்திரி பகல் பாராமல் வேலை பார்த்த அலுப்பில், மருந்து வாங்க வந்த ஒரு பாட்டியிடம் எரிந்து விழுந்தேன். அவர் ஒன்றும் பேசாமல் சீட்டை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். அன்று சாயங்காலம் என் பிரஷரை நானே பார்த்தேன். 160-க்கு 100! டாக்டர் மாத்திரை கொடுத்தார். அந்தத் தவக்காலத்தில் தாயாரின் ஜெபமாலையையும் கையில் எடுத்தேன். இரண்டையும் இன்றுவரை விடவில்லை.

இது வெறும் பக்திப் பேச்சல்ல. 2001-ல் இத்தாலி நாட்டு டாக்டர் பெர்னார்டியும் அவரோடு சேர்ந்தவர்களும் 23 பேரை வைத்துச் சோதித்து, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். மரியாயின் ஜெபத்தை லத்தீனில் சொன்னபோது மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 தடவையாக இறங்கியது. சாதாரணமாக நாம் விடுவது 12 முதல் 20. யோக மந்திரம் சொன்னபோதும் அப்படியே. ஆகவே முருகா முருகா என்கிற தோழர்கள் இந்தப் பக்கத்தைத் தள்ளிவிட வேண்டாம். மூச்சு நிதானப்பட்டால் நாடியும் நிதானத்துக்கு வரும். 23 பேர் சின்னத் தொகைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி ஜெபத்தை ஓட்டினால் இந்தப் பலனும் கிடைக்காது.

ஒருசந்தி விஷயத்தில்தான் எனக்குச் சிலரோடு சண்டை. திருச்சபைச் சட்டப்படி கட்டாய ஒருசந்தி இரண்டே நாள்: சாம்பல் புதன், பெரிய வெள்ளி. வயது 18 முதல் 59 வரை. நோயாளிகளுக்கு அது இல்லை. சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு குலை வெட்டப் போய் மயங்கி விழுவதைக் கடவுள் கேட்கவில்லை. பிரஷர் மாத்திரையை நாற்பது நாள் நிறுத்தி வைப்பதும் தவமல்ல.

இன்னொன்று. தவக்காலத்துக்குக் குடியை விடுகிறவர்களை மெச்சுகிறேன். ஆனால் வருஷக்கணக்காகத் தினமும் நிறையக் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால், இரண்டு மூன்று நாளுக்குள் கை நடுக்கம், வலிப்பு, புத்தித் தடுமாற்றம் வரலாம். உயிருக்கே ஆபத்து. விடுகிற முடிவோடு முதலில் ஆஸ்பத்திரிக்கு வாங்க. வெட்கம் வேண்டாம்.

"ஜெபம் பண்ணிக்கிட்டு வாயை மூடிக்கிட்டிருன்னு சொல்றீங்களா?" என்று ஒரு தம்பி கேட்டார். இல்லை. சம்பளக் கணக்கில் குறை இருந்தால், தூக்க முடியாத வேலையைத் தலையில் கட்டினால், அது சங்கக் கமிட்டிக்குப் போக வேண்டிய விஷயம். படபடப்போடு கத்துகிறவனைவிடச் சீட்டை எடுத்து வைத்து நிதானமாகப் பேசுகிறவனுக்குத்தான் கிராணி பதில் சொல்லியாக வேண்டும்!

கடைசியாக, நெஞ்சு வலி இடது கைக்கோ தாடைக்கோ ஓடி, வியர்த்துக் கொட்டினால் ஜெபமாலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்காராதீர்கள். நடுராத்திரியானாலும் என் கதவைத் தட்டுங்கள்.