புல் வெட்டும் யந்திரம் எத்தனை வருஷம் உழைக்கும்?

அமெரிக்காவில் சனிக்கிழமை காலை என்றால் தெருவெல்லாம் ஒரே இரைச்சல். விமானம் ஏதாவது தாழப் பறக்கிறதோ என்று புதிதாகப் போனவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். விமானமும் இல்லை, ஒன்றும் இல்லை. வீட்டுக்காரர்கள் புல் வெட்டுகிறார்கள்!

நம் ஊரில் வாசலைப் பெருக்காமல் விட்டால் பக்கத்து வீட்டு அம்மாள் ஏதாவது சொல்லுவாள். அதோடு சரி. அங்கே புல்லை வெட்டாமல் விட்டால் நகரசபை அபராதம் போடும். புல் 8 அங்குலத்துக்கு மேல் வளரக்கூடாது, 10 அங்குலத்துக்கு மேல் வளரக்கூடாது என்று பல ஊர்களில் விதியே இருக்கிறது.

அந்த நாட்டில் புல்தரை எவ்வளவு இருக்கிறது? 2005-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, சுமார் 1,60,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாடு முழுவதையும் சேர்த்தாலே 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். தமிழ்நாட்டைவிடப் பெரிய ஒரு பிரதேசத்தைக் கோடைகாலத்தில் வாராவாரம் சிரைத்துக் கொண்டிருக்கிறார்கள்!

கூலிக்கு ஆள் வைத்து வெட்டுகிறவர்களும் உண்டு. கூலி கொடுத்துக் கட்டாதவர்கள் யந்திரம் வாங்குகிறார்கள். அங்கே குடியேறிச் சொந்த வீடு வாங்கிய தமிழர்கள்கூட, சாவி கைக்கு வந்த மறு வாரமே இந்த யந்திரக் கடைக்குப் போயாக வேண்டியிருக்கிறது.

போனால் கடைக்காரர் என்ன சொல்கிறார்? "இத்தனை குதிரைச் சக்தி" என்கிறார். "ஒரே இழுப்பில் கிளம்பும்" என்கிறார். பளபளவென்று சிவப்பு வர்ணம் அடித்த யந்திரத்தைத் தட்டிக் காட்டுகிறார். யந்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பக்கத்தைக் காட்டும் கடைக்காரர் அபூர்வம். பார்க்க வேண்டியதெல்லாம் அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது.

கம்பளி ஆலையில் பிறந்தது

புல் வெட்டும் யந்திரத்தைக் கண்டுபிடித்தவர் எட்வின் பட்டிங் என்ற ஆங்கிலேயர். வருஷம் 1830. கம்பளித் துணியின் மேல் நீட்டிக் கொண்டிருக்கும் பிசிறுகளைச் சீவும் ஒரு யந்திரத்தை அவர் ஆலையில் பார்த்தார். துணியைச் சீவுவது போலத் தரையைச் சீவினால் என்ன என்று தோன்றியது. அவ்வளவுதான்.

அந்த யந்திரம் கத்தரிக்கோல் மாதிரி புல்லை நறுக்கியது. இப்போது வீடுகளில் இருப்பது வேறு ஜாதி. படுக்கை வசத்தில் சுழலும் ஒரே ஒரு பிளேடு. அதன் மேல் கவிழ்த்த சட்டி போல ஒரு கூடு. கூட்டின் மேல் எஞ்சின். 21 அங்குலப் பிளேடு நிமிஷத்துக்கு 3,000 தடவை சுற்றினால் அதன் நுனி மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. கைப்பிடியை விட்ட 3 விநாடிக்குள் பிளேடு நின்றாக வேண்டும் என்று 1982 முதல் அமெரிக்கச் சர்க்கார் விதி செய்திருப்பது சும்மா அல்ல.

தானே நகரும் வண்டி

10,000 சதுர அடிப் புல்தரையை 21 அங்குல யந்திரத்தால் வெட்ட வேண்டுமானால், ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஒரு ஏக்கர் என்றால் ஏழரைக் கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் ஓர் இரும்புச் சுமையைத் தள்ளிக் கொண்டு! மேடு பள்ளம் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அதனால்தான் தானே நகரும் யந்திரம் வந்தது. எஞ்சினிலிருந்து ஒரு பெல்ட் புறப்பட்டுச் சக்கரங்களைச் சுழற்றுகிறது. மனிதன் பின்னால் நடந்தால் போதும். முன்சக்கரம் ஓடுவது ஒரு வகை, பின்சக்கரம் ஓடுவது ஒரு வகை. திருப்புவதற்கு முன்சக்கர வண்டி சுலபம். ஆனால் மேட்டில் ஏறும்போது பாரமெல்லாம் பின்னுக்குப் போய்விடும். முன்சக்கரம் பிடிப்பில்லாமல் வழுக்கும். மேடான நிலத்துக்காரர் பின்சக்கர வண்டியைத்தான் வாங்க வேண்டும்.

புல்லே புல்லுக்கு உரம்

வெட்டிய புல்லை என்ன செய்வது? ரொம்ப நாள் வரை அதைப் பையில் அடைத்துத் தெருவில் வைத்தார்கள். குப்பை வண்டி வந்து எடுத்துப் போயிற்று. 1980-களின் கடைசியில் அமெரிக்க ஊர்க் குப்பையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு தோட்டக் குப்பைதான். குப்பைக் கிடங்குகள் நிரம்பி வழிந்தன. 1990 ஜூலையிலிருந்து இல்லினாய் மாநிலம் தோட்டக் குப்பையைக் கிடங்கில் கொட்டக் கூடாது என்று தடுத்துவிட்டது. வேறு மாநிலங்களும் அதே வழியில் போயின.

அந்தச் சமயத்தில்தான் டோரோ முதலிய கம்பெனிகள் புல்லைப் பொடியாக்கி அங்கேயே போடும் யந்திரங்களை மும்முரமாக விற்க ஆரம்பித்தன. நம் விவசாயிகள் மூடாக்கு என்று சொல்வார்களே, அதேதான். தழையை வயலிலே போட்டு மிதிப்பவனுக்கு இது புதுமையாகத் தோன்றாது. அமெரிக்கன் அதற்கு ஒரு யந்திரம் செய்தான், அதற்கு ஒரு விலையும் வைத்தான்!

எப்படிப் பொடியாக்குகிறது? சாதாரணக் கூட்டில் பக்கவாட்டில் ஒரு வாய் இருக்கும். வெட்டுண்ட புல் அதன் வழியாகப் பறந்து போகும். மூடாக்கு யந்திரத்தில் அந்த வாயை அடைத்து விடுகிறார்கள். பிளேடும் நேராக இல்லாமல் இரண்டு மூன்று இடங்களில் வளைந்திருக்கும். அது சுழலும்போது கூட்டுக்குள் காற்று மேலே எழும்புகிறது. புல் நிமிர்ந்து நிற்கிறது, வெட்டுப்படுகிறது, மேலே போகிறது, மறுபடி பிளேடின் மேல் விழுகிறது, மறுபடி வெட்டுப்படுகிறது. கடைசியில் துகள் துகளாகி, நிற்கும் புல்லின் அடியில் போய் ஒளிந்து கொள்கிறது.

வெட்டுண்ட புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். சீக்கிரம் மட்கிவிடும். ஒரு வருஷத்துக்குப் புல்தரைக்கு வேண்டிய தழைச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு இதிலேயே கிடைத்துவிடுகிறது என்று அங்குள்ள விவசாயப் பல்கலைக்கழகத்தார் சொல்கிறார்கள். உர மூட்டையில் கால் பங்கு மிச்சம். பை சுமக்கும் வேலையும் மிச்சம்.

ஆனால் யந்திரத்துக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரே வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. 3 அங்குலம் நிறுத்த வேண்டுமானால், நாலரை அங்குலம் வளர்ந்ததும் வெட்டிவிட வேண்டும். இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து, முழங்கால் உயரம் வளர்ந்த ஈரப் புல்லில் யந்திரத்தை விட்டு, "இது பொடியாக்கவே இல்லை; திட்டுத் திட்டாகக் கக்குகிறது" என்று குறை சொல்கிறவர்கள் அநேகம். தோசைக்கல்லில் அண்டா மாவை ஊற்றினால் கல்லா பொறுப்பு?

வேகமும் முக்கியம். பொடியாக்கும்போது எஞ்சினுக்கு வேலை அதிகம். அடர்ந்த இடத்தில் மெதுவாகப் போக வேண்டும். ஒரே வேகத்தில்தான் ஓடுவேன் என்கிற மலிவு வண்டி, நறுக்கி முடிப்பதற்குள் முன்னே ஓடிவிடுகிறது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியைச் சொகுசு என்று நினைப்பது தவறு. பொடியாக்கும் வேலையே பாதி அதில்தான் இருக்கிறது.

முதல் மாதமும் ஐந்தாம் வருஷமும்

முதல் மாதத்தில் எல்லா யந்திரமும் நன்றாகத்தான் வெட்டும். ஐந்தாம் வருஷத்தில் எப்படி வெட்டுகிறது என்பதுதான் கேள்வி.

ஒரு சின்னக் கணக்கு. வாரம் ஒரு மணி நேரம், வருஷத்தில் 25 வாரம். பத்து வருஷத்துக்கு 250 மணி நேரம். ஒரு மோட்டார் கார் மணிக்கு 40 மைல் வீதம் 250 மணி நேரம் ஓடினால் 10,000 மைல் ஆகிறது. அது அமெரிக்காவில் ஒரு காரின் ஒரு வருஷ ஓட்டத்துக்குக்கூடக் காணாது! அப்படியிருக்க, ஐந்தாறு வருஷத்தில் புல் யந்திரம் தெருவோரக் குப்பைக்கு வருகிறது என்றால் அது நியாயமா?

எஞ்சின் தேய்ந்துதான் சாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. முதலில் போவது கூடு.

இங்கேதான் ஒரு வேடிக்கை. எந்தக் குணத்துக்காக யந்திரத்தை வாங்கினார்களோ அந்தக் குணமே அதை அரிக்கிறது. வாயை மூடிக் கொண்டு புல்லை உள்ளேயே சுழற்றுவதால், ஈரப் புல் கூழாகிக் கூட்டின் உட்புறத்தில் அப்பிக் கொள்கிறது. மணலும் துகளும் மோதி மோதி வர்ணத்தைச் சுரண்டிவிடுகின்றன. வர்ணம் போன இடத்தில் பச்சைச் சாறும் உர உப்பும் ஊறிக் கொண்டேயிருக்கின்றன. சாதாரண எஃகுக் கூட்டின் கனம் சுமார் 2 மில்லிமீட்டர். சில வருஷத்தில் விரலால் குத்தினால் ஓட்டை விழும்.

அலுமினியக் கூடு துருப்பிடிக்காது. கல்லில் மோதினால் விரிசல் விடும். ஹோண்டா கம்பெனி தன் உயர்ந்த ரக யந்திரத்தில் ஒருவகை பிளாஸ்டிக் கூட்டையே போட்டது. துருவும் இல்லை, சொட்டையும் விழாது. வீட்டு உபயோகத்துக்கு அந்தக் கூட்டுக்கு ஆயுள் உத்தரவாதம் என்றும் அறிவித்தது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பிளேடு; எவ்வளவு பொடியாக்க வேண்டும், எவ்வளவு பையில் சேர வேண்டும் என்று தேர்ந்துகொள்ள ஒரு நெம்புகோல். பொடியாக்குவதிலும் உழைப்பதிலும் பெயர் வாங்கிய யந்திரம் அது.

அந்தக் கம்பெனியே 2023 செப்டம்பரோடு பெட்ரோல் புல் யந்திரம் செய்வதை நிறுத்திவிட்டது! ஜனங்கள் பாட்டரி யந்திரத்தின் பக்கம் போகிறார்கள், புகை பற்றிய விதிகளும் இறுகுகின்றன என்று காரணம் சொல்லிற்று. கலிபோர்னியா மாநிலம் 2021-ல் சட்டம் செய்து, 2024 முதல் தயாராகும் புதிய சிறு எஞ்சின்கள் புகையே விடக் கூடாது என்று கட்டளை போட்டிருக்கிறது.

கூட்டுக்கு அடுத்தபடி போவது சக்கரம். மலிவு வண்டிகளில் சக்கரத்தின் உட்பல் பிளாஸ்டிக். அதோடு சேரும் பல்சக்கரம் உலோகம். இடையில் மண்ணும் புல்தூசியும். எது தேயும் என்று சொல்ல வேண்டியதில்லை. பல் மழுங்கியதும் தானே நகரும் வண்டி தள்ளு வண்டியாகிவிடுகிறது. எஞ்சின் கிண்ணென்று இருக்கும், வண்டி நகராது. இதற்கு உடையவரைக் குற்றம் சொல்ல முடியாது. சில டாலர் மிச்சம் பிடிக்கச் செய்தவர்களைத்தான் சொல்ல வேண்டும். மாற்றுச் சக்கரம் கிடைக்குமா, எத்தனை வருஷம் கிடைக்கும் என்று வாங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. குதிரைச் சக்தியைப் பற்றி அப்புறம் கேட்டுக் கொள்ளலாம்.

எஞ்சினைக் கொல்வது பெரும்பாலும் குளிர்காலம். அமெரிக்கப் பெட்ரோலில் பெரும்பாலும் பத்து சதவிகிதம் சாராயச் சத்து கலந்திருக்கிறது. அது தண்ணீரை இழுக்கும். ஐந்து மாதம் டாங்கியில் கிடந்தால் கார்புரேட்டரின் ஊசித் துவாரங்கள் அடைத்துப் போகும். வசந்தத்தில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை வலி கண்டவர்கள் யந்திரத்தைத் திட்டுகிறார்கள். எண்ணெயை மாற்றவே வேண்டாம், குறைந்தால் ஊற்றினால் போதும் என்று விளம்பரம் செய்யப்பட்ட எஞ்சின்களும் உண்டு. இந்தச் சிறு எஞ்சின்கள் பலவற்றில் எண்ணெய் வடிகட்டியே கிடையாது. உள்ளே உதிரும் தூள் உள்ளேயே சுற்ற வேண்டியதுதான். விளம்பரம் என்ன சொன்னாலும் வருஷம் ஒரு தடவை மாற்றுவது மேல்.

பாட்டரி யந்திரத்தில் இந்தத் தொல்லை இல்லை. பெட்ரோல் இல்லை, எண்ணெய் இல்லை, அண்டை வீட்டுக் குழந்தையின் தூக்கமும் கெடாது. ஆனால் அடர்ந்த புல்லைப் பொடியாக்கும்போது பாட்டரி வேகமாக இறங்குகிறது. அதுவும் வருஷத்துக்கு வருஷம் வலுக் குறைந்து கொண்டே வரும். மாற்றுப் பாட்டரியின் விலையைக் கேட்டுவிட்டு, வந்த வழியே திரும்புகிறவர்களும் உண்டு. கூடு துருவுவதும் சக்கரப் பல் தேய்வதும் இதற்கும் பொது.

மழுங்கிய பிளேடு

மழுங்கிய பிளேடு புல்லை வெட்டாது, கிழிக்கும். இரண்டு நாளில் புல் நுனியெல்லாம் பழுத்த மாதிரி வெளுத்திருக்கும். பொடியாக்கும் சக்தியும் போய்விடும். ஒரு பருவத்தில் ஒன்றிரண்டு தடவையாவது சாணை பிடிக்க வேண்டும். பிடித்தபின் நடுத் துவாரத்தை ஓர் ஆணியில் மாட்டிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். பாரம் ஒத்துப் போகாத பிளேடு, எஞ்சினின் அச்சை ஆட்டி ஆட்டியே கெடுத்துவிடும்.

இலையுதிர் காலத்திலும் இந்த யந்திரத்துக்கு வேலை உண்டு. உதிர்ந்த மேப்பிள், ஓக் இலைகளின் மேல் ஓட்டினால் அவற்றையும் பொடியாக்கிவிடும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் அப்படிச் செய்து பார்த்து, புல்லுக்குக் கெடுதல் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். இலைகளை வாரி மூட்டை கட்டுகிற வீடுகள் இன்னும் ஏராளமாக இருப்பது ஆச்சரியம்தான்.

கடைசி வெட்டு முடிந்ததும் பெட்ரோலைத் தீரும்வரை ஓட விட்டு, யந்திரத்தைச் சாய்த்து, அடியில் ஒட்டிய புல்லை ஒரு மரச் சட்டத்தால் சுரண்டி எடுத்து, உலர விட வேண்டும். காற்று வடிகட்டி மேலே இருக்கும்படி சாய்க்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் அதில் இறங்கிவிடும். பிளக்கின் வயரைக் கழற்றிய பிறகே அடியில் கையை விட வேண்டும்.