பழைய கம்ப்யூட்டர் கிடைச்சிருக்கா? உடனே பிளக்கைச் சொருகாதீங்க!

உங்க ஸ்மார்ட்போனுக்குள் இருக்கும் ப்ராசஸர் பெரும்பாலும் ‘ஆர்ம்’ வகையைச் சேர்ந்தது. அதோட பூர்வீகத்தைத் தேடிப் போனால், 1981 டிசம்பரில் இங்கிலாந்தில் வெளியான ஒரு 8 பிட் வீட்டுக் கணினியில் போய் நிற்போம். பெயர் பிபிசி மைக்ரோ. கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் நிறுவனத்தின் தயாரிப்பு. இதன் வடிவமைப்பில் முக்கியப் பங்கு வகித்த சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும்தான் பிறகு ஆர்ம் சிப்பை உருவாக்கினார்கள். 1985-ல் அந்த சிப் முதன்முதலாக ஓடியதும் ஒரு பிபிசி மைக்ரோவோடு இணைந்துதான்.

நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு. மாணவர்களுக்குக் கணினி கற்றுத்தர 1984-85-ல் மத்திய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில், இந்தியப் பள்ளிகளுக்கு வந்ததும் இதே மெஷின்தான். ஏதாவது ஒரு பள்ளியின் ஸ்டோர் ரூமிலோ, ரிட்டயர்டான ஆசிரியர் வீட்டுப் பரணிலோ இன்னும் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கலாம். அது காயலான் கடைக்குப் போறதுக்கு முன்னாடி உங்க கையில் கிடைத்தால் என்ன செய்வீங்க?

‘ஓடுதான்னு பார்ப்போம்’ என்று பிளக்கைச் சொருகுவதுதான் பலரும் செய்யும் முதல் தப்பு. பெரும்பாலான பிபிசி மைக்ரோக்களின் பவர் சப்ளையில், மின் இரைச்சலை வடிகட்ட சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கும். 40 வருஷத்தில் அவற்றின் உறை வெடிப்பு விட்டு, ஈரம் உள்ளே இறங்கியிருக்கும். கரன்ட் பாய்ந்தால் ‘டப்’புனு வெடித்து, அறை முழுக்க நாற்றப் புகைதான். புதுசு மாற்ற ஆகும் செலவு சொற்பம். ஆனால், நீங்களே கை வைக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். பவர் சப்ளை ரிப்பேரில் அனுபவம் உள்ள மெக்கானிக்கிடம் கொடுங்க.

மீதி எல்லாம் பொறுமை. ‘ஃபிக்ஸ்’ என்று குறித்திருக்கும் ஸ்குரூக்களைக் கழற்றினால் மூடி கையோடு வந்துவிடும். சாக்கெட்டில் இருக்கும் சிப்களை நிதானமாக எடுத்து, திரும்ப அழுத்தி வைத்தாலே சில மெஷின்கள் உயிர்பெறும். கால்களில் ஏறிய களிம்புதான் அங்கே பிரச்சினை.

பழைய கணினியைச் சேகரிப்பது என்றால், மஞ்சளாகிப்போன பிளாஸ்டிக்கை வெளுக்க வைத்து, ஷெல்ஃபில் அடுக்கி, ரீல்ஸ் போடுவது இல்லை. அதை ஓட வைப்பதுதான் உண்மையான சேகரிப்பு. ‘எமுலேட்டரிலேயே அந்த கேம் எல்லாம் ஓடுதே’ன்னு கேட்கலாம். ஓடும்தான். ஆனால், எமுலேட்டருக்கு மூடி கிடையாது. இங்கே மூடியைத் திறந்து, “இதுதான் 6502 ப்ராசஸர், இதுதான் 32 கேபி மெமரி” என்று ஒரு பள்ளி மாணவிக்கு விரல் வைத்துக் காட்டலாம். நம்ம போனில் பேட்டரியைக்கூட பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

40 வருஷம் கழித்தும் பிபிசி மைக்ரோவைச் சரிசெய்ய முடிகிறது என்றால், அதற்கு ஏக்கம் மட்டும் காரணம் இல்லை. கழற்றக்கூடிய ஸ்குரூ, மாற்றக்கூடிய சிப், சர்க்யூட் படத்தோடு சர்வீஸ் மேனுவல். இந்த மூன்றும்தான் காரணம். அடுத்த போன் வாங்கும்போது நாம் கேட்க வேண்டியதும் இதைத்தான்.

அதுக்கு முன்னாடி, நீங்க படிச்ச ஸ்கூலுக்கு ஒரு போன் போடுங்க. ஸ்டோர் ரூமில் பழைய கம்ப்யூட்டர் ஏதாவது இருக்கான்னு கேளுங்க. இருந்தா, யாரும் பிளக்கில் சொருக வேண்டாம்னு சொல்லிடுங்க!